மெர்ல் தோண்டி எடுத்த தொட்டி

மூரிங்கல் ஊரின் வரலாற்றுப் புத்தகத்தில் என்னைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம். “கவுன்சில் அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்ட குமாஸ்தா சிரித்தார்.” பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. 1988இல் எங்கள் கவுன்சிலில் மனு வாங்கும் மேசையில் உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான், அது ஊருக்கே தெரியும். காலின் பெட்டிஃபர் என்றால் இன்றைக்கும் மளிகைக் கடையில் யாராவது ஒருவர், “இன்னிக்கு சிரிக்கலையா, காலின்?” என்று கேட்காமல் விடுவதில்லை.

அந்த வரியை எழுதியவள் மெர்ல் டன்வூடி. என்மேல் அவளுக்கு இருந்தது சின்னக் கோபம்தான். பெரிய கோபத்தை வேறொருவனுக்கு வைத்திருந்தாள்.

மெர்ல் பிறந்தது 1947இல். அவள் அப்பா வெர்ன், உண்ணி ஒழிப்பு வாரியத்தில் தொட்டிக்காரர். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் மாடு வைத்திருந்த ஒவ்வொருவரும் சில வாரங்களுக்கு ஒருமுறை மாடுகளை ஓட்டிவந்து மருந்துத் தொட்டியில் இறக்க வேண்டும். நீளமான சிமெண்ட் பள்ளம். பள்ளம் நிறைய ஆர்சனிக் நஞ்சு கலந்த தண்ணீர். மாடு ஒரு முனையில் குதித்து, தலை முழுக முங்கி, நீந்தி, மறுமுனையில் ஏறி, பட்டியில் நின்று சொட்டச் சொட்ட வடியும். உண்ணி செத்துவிடும். மருந்தைக் கலக்குவது, கழியால் மாட்டின் தலையை அமுக்குவது, வருஷத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து அடியில் தங்கிய சேற்றை வாரிக் கொட்டுவது எல்லாம் வெர்ன் வேலை. வெறுங்கையால் செய்தார். கையுறை என்று ஒன்றை வாரியம் அவருக்குக் காட்டியதே இல்லை.

அவர் உள்ளங்கை முழுக்க அரிசி மணி ஒட்டியதுபோல் காய்ப்புகள் இருக்கும் என்று மெர்ல் சொல்வாள். பள்ளிக்கூடம் போகும் வயதில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுப்படியில் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் காய்ப்புகளைச் சுரண்டிவிடுவது அவள் வேலை. பிறகு அவை புண்ணாயின. 1966இல், ஐம்பத்தொரு வயதில், தோல் புற்று நெஞ்சுக்குள் இறங்கி அவர் செத்தார். மருத்துவர் மெர்லின் அம்மாவிடம், “வெயில்ல ரொம்ப நிப்பாரோ?” என்று கேட்டாராம். உள்ளங்கையில் எப்படி வெயில் படும் என்று கேட்க அந்த அம்மாவுக்குத் தோன்றவில்லை. பத்தொன்பது வயது மெர்லுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. அந்த ஒரு தரம் பேசாமல் இருந்ததற்காகத்தான் அதற்குப் பிறகு எந்த இடத்திலும் வாயை மூடாமல் இருந்தாளோ என்னவோ.

வெர்ன் வேலை பார்த்த தொட்டி இருந்தது ட்ராண்டர் குடும்பத்து நிலத்தில். நதிக்கரையில் பாதிக்கு மேல் அவர்களுடையதுதான். சேறு கொட்டிய இடத்தில் தேங்கிய தண்ணீரைக் குடித்துக் கன்றுகள் செத்தபோது, சுற்றி வேலி போடச் சொல்லி வெர்ன் மூன்று தடவை கேட்டிருக்கிறார். போடவில்லை. செத்த கன்றுகளையும் அங்கேயே புதைத்தார்கள்.

பிறகு உண்ணி அடங்கியது. 1976இல் அந்தத் தொட்டியை மூடினார்கள். அதற்குள் நிலம் மகன் டெஸ்மண்ட் ட்ராண்டர் கைக்கு வந்திருந்தது. ஊரில் எல்லோருக்கும் டெஸ். கால்நடை ஏலக்காரர், கவுன்சிலர், கண்காட்சிக் குழுத் தலைவர். 1988இல் அந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து ‘ஜகராண்டா மேடு’ என்று பெயர் வைத்து விற்க விண்ணப்பித்தார்.

மெர்ல் அப்போது வெண்ணெய் ஆலையில் பாலைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தாள். கல்யாணம் ஆகி, புருஷன் மரலாரியோடு கவிழ்ந்து செத்து, பிள்ளை இல்லாமல் தனியாக இருந்தாள். பத்திரிகையில் மனை விளம்பரத்தைப் பார்த்ததும் ஆலை உடுப்போடு, தலையில் வலைத் தொப்பியோடு, நேரே என் மேசைக்கு வந்தாள். கையால் எழுதிய ஒரு பக்க மனு. அந்த இடத்தில் மருந்துத் தொட்டி இருந்தது, சேறு கொட்டியிருக்கிறது, வீடு கட்ட விடாதீர்கள்.

ட்ராண்டர் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். குரல் கேட்டு வெளியே வந்தார்.

“மெர்ல் கண்ணு, தொட்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்துல. நிலம் என்னுது, எனக்குத் தெரியாதா?”

“எங்கப்பா பதினேழு வருஷம் அங்க வேலை பாத்தாரு, டெஸ். லீவு நாள்ல நான்தான் சாப்பாடு கொண்டு போவேன். ரோட்டத் தாண்டினதே இல்ல.”

“யாரு, வெர்னா? மத்தியானத்துக்கு மேல ரோடு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாம ஒண்ணுக்கு அடிக்கிற ஆளாச்சே!”

அப்போதுதான் நான் சிரித்தேன். கவுன்சிலர் நகைச்சுவை சொன்னால் குமாஸ்தா சிரிப்பான். அவ்வளவுதான்.

மெர்ல் ட்ராண்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். “எங்கப்பா குடிக்க மாட்டாரு,” என்றாள். “ஒரு வாய் பீர் குடிச்சாலும் வாந்தி எடுப்பாரு. வயிறு அப்படி ஆயிப்போச்சு. தெரிஞ்சுக்கோ.”

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனை வரைபடம் முதலில் வந்தபோது அதில் ஒரு மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு செவ்வகம் போட்டு ‘பழைய தொட்டி’ என்று எழுதியிருந்தது. அடுத்த வாரம் சுத்தப் பிரதி வந்தது. அதில் செவ்வகம் இல்லை. பழையதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டையும் பார்த்தவன் நான். புதியதில் முத்திரை குத்தியவனும் நான்.

வீடுகள் எழும்பின. முப்பத்தொரு வீடு, நடுவில் ஊஞ்சலோடு ஒரு சின்னப் பூங்கா. அதற்கு ட்ராண்டர் பூங்கா என்று பெயர்.

மெர்ல் வரலாற்றுச் சங்கத்தில் சேர்ந்தாள். எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கம் என்றால் பழைய தொப்பி, பழைய கல்யாண கவுன், மாதக் கூட்டத்துக்குத் தேங்காய்த் துருவல் கேக். தலைவி ஐவி ஸ்ட்ரிக்லண்டுக்கு அதுதான் உலகம். “ஏன் மெர்ல், மாட்டுக்கு மருந்தடிச்ச கதையையே கட்டிக்கிட்டு அழற? 1890ஆம் வருஷத்துக் குடை ஒண்ணு வந்திருக்கு, வந்து பாரேன்,” என்பாள்.

“குடைய வச்சு யாரையும் தூக்குல போட முடியாது, ஐவி.”

ஆலையில் அவள் கண் ஒரு சொட்டு வித்தியாசத்தைப் பிடிக்கும் கண். அந்தக் கண்ணைப் பழைய காகிதத்தின்மேல் வைத்தாள். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ரயிலேறித் தலைநகரத்து ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். வாரியத்தை அதற்குள் கலைத்துவிட்டிருந்தார்கள்; அதன் காகிதங்கள் பெட்டி பெட்டியாகப் பட்டியல் இல்லாமல் கிடந்தன. இருபதுகளின் பத்திரிகைகளில் தொட்டித் திறப்பு விழாச் செய்திகளைத் தேடினாள். பால்காரர்கள் எழுதிய புகார்களைப் படித்தாள். 1958இல் விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். நதிப் பள்ளத்தாக்கில் மொத்தம் பதினான்கு தொட்டிகளை இடம் குறித்தாள். அப்பா வேலை பார்த்த அந்தப் பதினான்காவது தொட்டிக்கு மட்டும் ட்ராண்டர் வாயை அடைக்கிற மாதிரி ஒன்றும் அகப்படவில்லை. படத்தில் கட்டடம் தெரிந்தது. ஆனால், அது பால் கொட்டகை என்று அவர் சொல்லிவிடுவார். பதினைந்து வருஷம் இப்படிப் போனது.

இந்தப் பதினைந்து வருஷத்தில் ஜகராண்டா மேட்டில் கோழிகள் செத்தன. எலுமிச்சைச் செடி வைத்தால் பட்டது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் நிற்கவில்லை. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கரும்புத் தோட்டத்தில் அடிக்கும் மருந்து என்றார்கள், புதிதாக வந்த கைபேசிக் கோபுரம் என்றார்கள். சுகாதார அதிகாரிகள் வந்து குழாய்த் தண்ணீரைச் சோதித்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தண்ணீர் மலையணையிலிருந்து வருகிறது, சுத்தமாகத்தான் இருக்கும். மண்ணைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பச்சைப் புல்லைப் பார்த்து எதைச் சந்தேகப்படுவது?

2003 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, ‘பல்வகை’ என்று எழுதிய பெட்டியில், மெர்லுக்கு இரண்டு சேர்ந்து கிடைத்தன. ஒன்று, வெர்ன் கைப்பட எழுதிய பதினொரு வேலைக் குறிப்பேடுகள். இன்னொன்று, டெஸ்மண்ட் ட்ராண்டர் 1976இல் வாரியத்துக்கு எழுதிக் கையெழுத்திட்ட கடிதம். அதைப் படித்ததும் என்ன செய்தாள் என்று பிற்பாடு கேட்டேன். “வெளிய போயி ஒரு சாண்ட்விச் வாங்கிச் சாப்பிட்டேன். முட்டை சாண்ட்விச். அவ்வளவு ருசியா நான் எதையும் சாப்பிட்டதில்ல,” என்றாள்.

அந்த வருஷம் மூரிங்கலுக்கு நூற்றிருபத்தைந்தாம் ஆண்டு. விழாக் குழுத் தலைவர் ட்ராண்டர். ஊர் வரலாற்றைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்தார். வரலாற்றுச் சங்கம் எழுத வேண்டும். முதல் இரண்டு அத்தியாயமும் ட்ராண்டர் குடும்பம். ஒன்பதாவது அத்தியாயம் ‘பசுவும் உண்ணியும்’. அதை மெர்ல் எழுதினாள். தலைப்பைப் பார்த்தவர்கள் யாரும் உள்ளே போகவில்லை. ஐவி பிழை திருத்தும்போது அதை மட்டும் புரட்டிவிட்டு, “நல்லாத்தான் இருக்கு கண்ணு,” என்று அச்சுக்கு அனுப்பிவிட்டாள்.

அக்டோபரில் ஊர்க் கூடத்தில் வெளியீட்டு விழா. சனிக்கிழமை மத்தியானம், நல்ல வெக்கை. மேசை நிறைய குட்டி அப்பங்கள், ஜாம், பாலாடை. ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். ஜகராண்டா மேட்டுக்காரர்கள் எல்லோருக்கும் மெர்லே நேரில் போய் அழைப்பு கொடுத்திருந்தாள். ட்ராண்டருக்குச் சத்தமாக வாசிப்பதில் ஆசை. தேவாலயத்தில் வேதம் வாசிப்பது அவர்தான். எழுபத்தோரு வயதிலும் மணிபோல் குரல்.

மெர்ல் மேடைக்குப் போய் பட்டு நாடா வைத்த ஒரு பக்கத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். “உங்க குடும்பத்துக் கடிதம் ஒண்ணு போட்டிருக்கோம், டெஸ். நீயே படிச்சா நல்லா இருக்கும்.”

அவர் முகம் மலர்ந்து கண்ணாடியை மாட்டினார். படித்தார்.

“அன்புடையீர். மூன்று தலைமுறைகளாக இந்த நதிக்கரையைப் பண்படுத்திய குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில், எங்கள் நிலத்தை அதன் முழுப் பொறுப்போடு நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று உறுதி கூறுகிறேன்...”

யாரோ கை தட்டினார்கள். அவர் தலையாட்டி ஏற்றுக்கொண்டு தொடர்ந்தார்.

“...ஆற்றுச் சாலைக்குக் கிழக்கே உள்ள எங்கள் நிலத்தில் இருந்த மருந்துத் தொட்டியை மண் போட்டு...”

நின்றுவிட்டார். அவர் கண் மட்டும் கீழே ஓடுவது எங்களுக்குத் தெரிந்தது. கழுத்தில் சிவப்பு ஏறியது.

“எழுத்து ரொம்பப் பொடிசா இருக்கு,” என்றார்.

“பெருசாத்தான் போட்டிருக்கு,” என்றாள் மெர்ல். கூடத்தின் பின்சுவர் ஓரமாகப் போய் நின்றிருந்தாள். “மேல படி, டெஸ். கையெழுத்து வரைக்கும் படி.”

“இது என்ன இது, மெர்ல், இந்த மாதிரி நாள்ல...”

“படிக்க மாட்டியா? நான் சொல்றேன், எனக்கு மனப்பாடம். ‘மருந்துத் தொட்டியை மண் போட்டு மூடிவிட்டேன். சுற்றியுள்ள மண்ணில் நஞ்சு ஊறியிருப்பதை வாரிய அதிகாரி எனக்கு விளக்கினார். மாடு மேய்ப்பதைத் தவிர வேறு எதற்கும் அந்த இடத்தைப் பயன்படுத்த மாட்டேன். வீடு கட்டவோ, வீடு கட்ட விற்கவோ மாட்டேன்.’ கீழ யாரு கையெழுத்து? படத்தோட போட்டிருக்கு. எல்லாரும் நூத்து நாப்பத்தொண்ணாம் பக்கத்தத் திருப்புங்க.”

இருநூறு புத்தகம் ஒரே சமயத்தில் புரளும் சத்தத்தை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

ஒரு பெண் எழுந்தாள். லியான் கொரோய். அவள் புருஷன் இறைச்சி ஆலையில் வேலை செய்யும் ஃபிஜிக்காரன். ஜகராண்டா மேட்டில் வாடகைக்கு இருந்தார்கள். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை.

“ஆத்துரோட்டுக்குக் கிழக்கன்னா... எங்க தெருவா?”

“உங்க தெருதான்.”

லியான் ட்ராண்டரைப் பார்த்தாள். “மிஸ்டர் ட்ராண்டர், இவ மண்ணள்ளித் திங்கிறா. நான் அடிச்சுப் பாத்தேன், கேக்கமாட்டேங்கிறா. தினம் திங்கிறா.”

அவர் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினார். அவர் மனைவி கைப்பையைக்கூட எடுக்காமல் பின்னால் ஓடினாள். மெர்ல் சுவரில் சாய்ந்து நின்றபடி அவர் நடையைக் கடைசி அடி வரை பார்த்தாள். அத்தனை அழகாக அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அது உண்மை.

ட்ராண்டர் அவ்வளவு எளிதில் விழவில்லை. இரண்டே வாரத்தில் அவர் வக்கீல், கடிதத்தில் சொன்னது வேறொரு சின்னத் தொட்டி, அதைத் தோண்டி அப்புறப்படுத்தியாயிற்று என்றார். கவுன்சில் ஆட்களை வரவழைத்து மேட்டில் எட்டு இடத்தில் துளை போட்டுப் பார்த்தது. எட்டும் சுத்தம். வீட்டுக்காரர்கள் பாதிப் பேர் ட்ராண்டர் பக்கம் சாய்ந்தார்கள். தங்கள் வீடு நஞ்சின்மேல் நிற்கிறது என்பதைவிட, மெர்ல் பைத்தியம் என்பது நம்பச் சுலபமாக இருந்தது. யாரோ அவள் தபால் பெட்டியில் மாட்டுச் சாணியை அப்பினார்கள். பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கவுன்சில் கடிதம் போட்டது. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாசற்படியில் நின்று படித்து, மடித்து, இடுப்பில் கட்டிய சமையல் துணியில் கையைத் துடைத்தாள்.

“எட்டு ஓட்டை எங்க போட்டாங்க?”

“மேட்டு மேல. அங்கதான் தொட்டி இருந்திருக்கணும்னு...”

“மேட்டுல எவனாவது தொட்டி கட்டுவானா? தண்ணிய யாரு சுமக்கிறது, உங்க தாத்தாவா? மண்ணுல ஊசி குத்துறவனுக்கு எங்க குத்தணும்னு பழைய காகிதம்தான் சொல்லும். அதப் படிக்காம குத்தினா எட்டென்ன, எண்பது குத்தினாலும் சுத்தம்தான் வரும்.” உள்ளே போய் ஒரு நோட்டோடு வந்தாள். அப்பாவின் குறிப்பேடுகளை வரி விடாமல் படியெடுத்திருந்தாள். “கேளு. 1961 ஜூன் பதினாலு. ‘தொட்டி காலி செய்தேன். சேறு இருபத்திரண்டு டிரம். வடிகால் பட்டியின் வாசலிலிருந்து ஆற்றை நோக்கி நாற்பது காலடி, பெரிய ரத்தமரத்துக்குக் கீழே கொட்டினேன். கை எரிகிறது.’ ஒவ்வொரு வருஷமும் அதே எடந்தான். மரம் இந்த விமானப் படத்துல இருக்கு. பட்டி வாசலும் இருக்கு. ஆனா இப்ப அந்த இடம் எந்த வீட்டுக்குள்ள வருதுன்னு எனக்குத் தெரியல. மனைக்கல் எங்க எங்க நட்டிருக்குன்னு தெரிஞ்ச ஆளு வேணும்.”

நான் வாசற்படியில் நின்றேன். பிறகு சொன்னேன்: “எனக்குத் தெரியும். முதல் வரைபடத்துல தொட்டி எங்க போட்டிருந்துச்சுன்னும் தெரியும்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“தொப்பிய எடுத்துக்கோ,” என்றாள். “வெயிலு.”

மத்தியானம் இரண்டு மணிக்கு ஜகராண்டா மேட்டில் இரண்டு பேரும் நாடாவும் படமுமாக அளந்தோம். திரைச்சீலைகள் விலகி விலகி மூடின. ஒரு ஆள் தோட்டத்துக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து, “போறியா, இல்ல நனைச்சு விடட்டுமா, கிழவி?” என்றான். மெர்ல், “நனை, வெக்கையாத்தான் இருக்கு,” என்றுவிட்டு நாடாவை இழுத்தாள். பட்டி வாசல் ஏழாம் எண் வீட்டின் துணி காயப்போடும் கம்பத்தில் விழுந்தது. அங்கிருந்து ஆற்றை நோக்கி நடந்தாள். காலடியை எண்ணிக்கொண்டே போனாள். அப்பாவின் காலடி தன்னுடையதைவிட எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும். சிறுமியாக அவர் பின்னால் ஓடியவள். வேலியைச் சுற்றி, சாக்கடையைத் தாண்டி, நாற்பதாவது காலடி பூங்காவில் போய் நின்றது. ஊஞ்சலுக்கும் மணல் தொட்டிக்கும் நடுவில்.

அங்கே ஒரு துளை போட வைக்க இன்னும் மூன்று வாரம் ஆனது. நான் கவுன்சில் கூட்டத்தில் எழுந்து நின்று அழித்த செவ்வகத்தைப் பற்றிச் சொன்னேன். எனக்கு வேலை போனது வேறு கதை. துளை போட்டார்கள். நான்கடி ஆழத்தில் சாம்பல் நிறச் சேறு வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மூக்கைப் பிடுங்கும் மருந்து வாடை. அனுமதித்த அளவைப்போல முப்பது மடங்கு ஆர்சனிக். மேல்மண்ணிலும் அது ஏறியிருந்தது.

பூங்காவைச் சுற்றி வேலி போட்டு, வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்கள் இறங்கியபோது ஊர் முழுக்க வந்து நின்று பார்த்தது. மெர்லும் நானும் நின்றோம். லியான் கொரோய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். குழந்தையின் சிறுநீரைச் சோதித்த முடிவு அன்றைக்குத்தான் வந்திருந்தது. நல்ல முடிவு இல்லை.

நன்றி சொல்ல வருகிறாள் என்று நான் நினைத்தேன். மெர்லும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கையை நீட்டினாள்.

“அந்தக் கடிதம் எப்பக் கெடச்சுது உனக்கு?” என்றாள் லியான்.

மெர்ல் கை அந்தரத்தில் நின்றது. “மார்ச்.”

“மார்ச்.” லியான் விரலை மடக்கி எண்ணினாள். “ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். அக்டோபர்ல கூட்டம் போட்டு, கேக் வச்சு, சொன்ன. நீ எங்க வீட்டுக்கு அழைப்பு கொடுக்க வந்தப்போ எம்பொண்ணு வாசல்ல மண்ணுல விளையாடிட்டிருந்தா. நீ பாத்த. ‘அழகா இருக்கா’ன்னு சொல்லிட்டுப் போன.”

மெர்ல் நீட்டிய கையை இறக்கினாள்.

“அவன் பொய் சொன்னான். நீ சும்மா இருந்த. ஏம்பிள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

லியான் போய்விட்டாள். என் காரில் மெர்லை வீட்டுக்குக் கொண்டுபோனேன். பாலம் தாண்டினோம். பிறகு, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அவன் முகம் எப்படி மாறுதுன்னு பாக்கணும்னு இருந்துச்சு, காலின். ஊரே பாக்க. தபால்ல அனுப்பியிருந்தா முகம் தெரியாதே. அதுக்காகத்தான் வச்சிருந்தேன்.”

“இப்ப என்ன தோணுது?”

“இப்பவும் அந்த முகம் நெனப்பு வந்தா இனிக்குது. அதுதான் கஷ்டமா இருக்கு.”

குழந்தை பிழைத்தது. கொரோய் குடும்பம் கடலோரத்துக்குக் குடிபோனது. ஒரு வருஷத்தில் அந்தப் பிள்ளை உடம்பு தேறியது என்று கேள்விப்பட்டோம். பின்னாளில் என்ன வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒன்பது வீடுகளை இடித்து, மண்ணை ஆறடி ஆழத்துக்கு வாரி, மூடிய லாரிகளில் கொண்டுபோனார்கள். மற்ற பதின்மூன்று தொட்டிகளையும் மெர்லின் வரைபடத்தை வைத்துச் சோதித்தார்கள். ஒன்றின்மேல் ஒரு மருத்துவமனைச் சமையலறைத் தோட்டம் இருந்தது. ட்ராண்டர் கவுன்சிலிலிருந்து விலகினார், வழக்கில் தோற்றார், நதிக்கரை நிலமெல்லாம் போனது. கண்காட்சி மைதானத்தில் அவர் பெயர்ப் பலகையைக் கழற்றிய அன்று மெர்ல் மடக்கு நாற்காலியும் தேநீர்க் குடுவையும் கொண்டுபோய் எதிரே உட்கார்ந்து பார்த்தாள். மறைக்கவே இல்லை.

அதோடு விட்டாளா என்றால், இல்லை. எண்பத்தேழு வயதில் ட்ராண்டர் ஊர் முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்த மாதமே மெர்ல் அங்கே வியாழக்கிழமை தோறும் பெரியவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் தொண்டுக்குப் பெயர் கொடுத்தாள். தாதிகளுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. என்ன வாசிக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. நான் ஒரு வியாழன் போனேன். ட்ராண்டர் சாய்வு நாற்காலியில், முழங்காலில் கம்பளியோடு உட்கார்ந்திருந்தார். மெர்ல் எதிரே உட்கார்ந்து ஒன்பதாவது அத்தியாயத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். கடிதம் வந்ததும் குரலை உயர்த்தினாள்.

அவர் கூர்ந்து கேட்டார். கடைசியில் அவள் பக்கம் குனிந்து, “யாரு இந்த ஆளு?” என்றார்.

“நீதான் சொல்லேன், டெஸ்.”

“எனக்குத் தெரியாதும்மா. ஆனா மோசமானவனா இருக்கானே. இவனையெல்லாம் உள்ள தள்ளணும். பிள்ளைங்க இருக்கிற இடமாச்சே!” மெய்யாகவே கோபப்பட்டார். “தள்ளுனாங்களா?”

மெர்ல் புத்தகத்தை மூடினாள். “இல்ல,” என்றாள். “தப்பிச்சுட்டான்.”

வெளியே வந்து காரில் ஏறியதும் என்மேல்தான் பாய்ந்தாள். “பாத்தியா அவன? கடைசில அதுலயும் ஏமாத்திட்டான். ஞாபகமே இல்லாத ஆள வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?” அடுத்த வியாழன் போகவில்லை. அவர் செத்தபோது சாவு வீட்டுக்கும் போகவில்லை.

இப்போது மெர்லுக்கு எழுபத்தெட்டு வயது. முழங்கால் போய்விட்டது, வாய் போகவில்லை. போன திங்கட்கிழமை காலை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் பழைய வாழைப்பழக் கொட்டகையைக் குழந்தைகள் காப்பகமாக மாற்றிவிட்டார்களாம். ஐம்பதுகளில் அங்கே பூச்சிமருந்து கலக்கியதாக ஒரு பழைய பத்திரிகையில் பார்த்திருக்கிறாள். ஒரே ஒரு வரி.

“ஆதாரம் ஏதாவது இருக்கா?” என்றேன்.

“இல்ல. அதெல்லாம் அப்புறம் தேடிக்கலாம். முதல்ல போயி கதவத் தட்டிப் பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டு வரச் சொல்லணும். பைத்தியம்னு சொல்லுவாங்க, சொல்லட்டும். எவ்வளவு நேரத்துல வருவ?”

“சாப்பிட்டுட்டு...”

“வழியில சாப்பிடலாம். கெளம்பு.”

முன்னிருக்கையில் வரைபடங்களை மடியில் வைத்துக்கொண்டு, பாலத்தில் நான் மெதுவாகப் போகிறேன் என்று திட்டிக்கொண்டே வந்தாள்.